வென்றவர் யார்?
வாதாபியும் காஞ்சியும் கூறும் இருவேறு செய்திகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள்தோறும் தவறாது கூடி, வந்தவர் பதின்மரேயாயினும் நூறு பேர்க்கு முன் பேசுவதுபோலவே பேசச் செய்து, பேசியதை மறுப்பார்க்கும் இடமளித்து வளர்ந்த அவை இது. மறுப்பைக் கேட்கும் பழக்கமுடைய அவையில்தான் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளைப் பேச இயலும். 'இலக்கியமும் வரலாறும்' என்பது எனக்கு வழங்கப்பெற்ற தலைப்பு. அக்கடலில் ஒரு துறையில் மட்டும் இறங்க விழைகிறேன். ஒரு போரில் வென்றவர் யார் என்னும் வினாவிற்கு விடை, அதனைச் சொல்பவர் எந்நாட்டவர் என்பதைப் பொறுத்து மாறுவது ஏன்? அதுவே என் பொருள்.

இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் என் பேராசிரியர் அல்லர். என் மாணவர் ஒருவர். நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒருநாள், பல்லவர் கால இலக்கியப் பின்னணியை நடத்திக்கொண்டிருந்தேன். நரசிம்மவர்மன் வாதாபியை வென்ற செய்தியை என்னால் இயன்ற அளவு பெருமிதத்தோடு சொன்னேன். வகுப்பு கைதட்டியது. நானும் மகிழ்ந்தேன். வகுப்பு முடிந்தபின் தாளவாடி மலைப்பகுதியிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் என்னை அணுகினார். வீட்டில் கன்னடம் பேசுபவர். "அம்மா, எங்கள் பாட்டி ஊரில் புலிகேசியை நம் பேரரசர் என்றுதான் சொல்வார்கள். அவரை யாராலும் வெல்ல முடியவில்லை என்பார்கள். தேர்வில் நான் எதை எழுதுவது?" என்று கேட்டார். நான் சிறிதும் தயங்காமல், "பாடநூலில் உள்ளதை எழுதப்பா" என்றேன். அவர் தலையசைத்துச் சென்றார். தேர்வில் அவ்வாறே எழுதினார். நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். ஆனால் அதன்பின் அவர் என்னிடம் எந்த வினாவும் கேட்கவில்லை.

அந்த அமைதி என்னை நெடுநாள் உறுத்தியது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்தவற்றின் சாரமே இவ்வுரை.

மதிலுக்கு உள்ளும் வெளியும்

கருநாடக மாநிலத்து ஐஹொளெ என்னும் ஊரில், மேகுடி எனப்படும் சமணக் கோயிலின் சுவரில் ஒரு கல்வெட்டு உள்ளது. சக ஆண்டு 556, அதாவது கி.பி. 634-35 அளவில், இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் வடமொழியில் யாத்தது. காளிதாசனோடும் பாரவியோடும் தம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குத் தன்னம்பிக்கை உடையவர் அவர். தம் மன்னன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளை அடுக்கும் அப்புலவர், பல்லவர் தலைவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள நேர்ந்தது என்கிறார். அந்தப் பல்லவர் தலைவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர் துணிபு.

இனிப் பல்லவர் பக்கம் வருவோம். காரைக்கால் அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடுகள், மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மையான பகைவரை அழித்தான் என்கின்றன. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. புள்ளலூர் காஞ்சிக்கு அண்மையில் உள்ள ஊர். இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் காஞ்சியின் மதிலோடு கதையை நிறுத்திக்கொள்கிறார். மற்றவர் மதிலுக்கு வெளியே சில கல் தொலைவில் கதையைத் தொடங்குகிறார். பகைவன் தலைநகரின் வாயில்வரை எவ்வாறு வந்தான் என்பதைப் பல்லவர் ஏடு சொல்லாது. வந்தவன் ஏன் மதிலைக் கடக்காது திரும்பினான் என்பதைச் சாளுக்கியர் கல் சொல்லாது. இருவரும் பொய் கூறினர் என்று நான் சொல்லவில்லை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதில்தான் வெற்றி அமைந்திருக்கிறது.

அதே புள்ளலூரில் 1780-இல் ஐதரலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தன. அவ்வெற்றியைத் திப்பு, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். கல், செம்பு, சுவரோவியம் என்று ஊடகம் மாறியது. வென்றவன் தன் வெற்றியைத் தன் ஊரில் எழுதிவைக்கும் வழக்கம் மாறவில்லை.

பகைவன் ஊரில் நின்ற எழுத்து

அவ்வாறாயின் எதைத்தான் நம்புவது? எல்லாம் புகழுரையே என்று தள்ளிவிடலாமா? கூடாது. ஆய்வு நெறி நமக்குச் சில அளவுகோல்களைத் தந்துள்ளது.

முதல் அளவுகோல், ஒருவன் வெற்றியை அவனுக்கு உறவல்லாதார் ஒப்புகின்றனரா என்பது. புலிகேசியால் அரிசன் தன் களிப்பை இழந்தான் என்று இரவிகீர்த்தி சொல்லாடுகிறார். இதனை நாம் ஏன் ஏற்கிறோம்? அரிசனின் பேரன்பைப் பெற்ற சீனப் பயணி யுவான் சுவாங், அரிசனால் இந்நாட்டவரை அடக்க இயலவில்லை என்று எழுதிவைத்திருப்பதால் ஏற்கிறோம். தோற்றவனின் நண்பர் கூறும் சான்று, வென்றவனின் புலவர் கூறும் சான்றைவிட வலியது.

இரண்டாம் அளவுகோல், எழுத்து எங்கே நிற்கிறது என்பது. கூரம் செப்பேடுகள், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்றதையும், புறமுதுகிட்ட அவன் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் எழுத்தைப் பொறித்ததையும் கூறுகின்றன. அழகிய கற்பனை, ஆயினும் நம் வீட்டு ஏடு. வாதாபியில், இன்றைய பாதாமியில், பாறையொன்றில் சிதைந்த நிலையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பகைவன் தலைநகரில் நின்று பொறித்தாலன்றி அவ்வெழுத்து அங்கே இருக்க வழியில்லை. கி.பி. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது என்பதற்கு நூறு செப்பேடுகளைவிட அப்பாறை மேலான சான்று. இலங்கையின் சூளவம்சமும், வல்லபனோடு பொருத நரசிம்மனுக்கு இலங்கை இளவரசன் மானவர்மன் துணைநின்றதைக் கூறுகிறது.

மூன்றாம் அளவுகோல், தோற்றவர் வழிவந்தோர் தம்மையறியாமல் ஒப்புக்கொள்ளும் சொல். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன், தன் குலத்தின் திருவை இடையிட்டுத் தடுத்த மூவேந்தரை வென்று அதனை மீட்டதாகப் பறைசாற்றுகிறான். பின்வந்த சாளுக்கியர் ஏடுகள், அவன் வென்ற காஞ்சி வேந்தனைத் தம் குலத்தின் இழிவுக்குக் காரணமாயிருந்தவன் என்று சுட்டுகின்றன. மீட்டேன் என்னும் சொல்லிலேயே இழந்தேன் என்னும் சொல் மறைந்திருக்கிறது அன்றோ? புலிகேசி எங்கே எவ்வாறு இறந்தான் என்று எந்தச் சாளுக்கியர் ஏடும் சொல்லவில்லை. வாதாபிப் போரில் மாண்டான் என்பது நம் ஊகமே. தோல்விக்குக் கல்வெட்டு இல்லை. அதற்கு மௌனமே கல்வெட்டு.

பெருவளநல்லூர்

இதுவரை நம் பக்கம் ஒருவாறு வலுத்தது கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். மேலே செல்வோம்.

அதே விக்கிரமாதித்தன் கி.பி. 674-இல் வெளியிட்ட கத்வால் செப்பேடுகள், அவன் பல்லவனை வென்று காஞ்சியைக் கைப்பற்றியதையும், காவிரித் தென்கரையில் உரகபுரத்தில் பாசறை அமைத்திருந்ததையும் கூறுகின்றன. உரகபுரம் என்பது உறையூர் எனக் கொள்வர். பல்லவன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளைத் திறந்தாலோ, பல நூறாயிரம் வீரரைக் கொண்ட விக்கிரமாதித்தன் ஒரு கந்தலைப் போர்த்துக்கொண்டு தனியனாய் ஓடினான் என்று இருக்கிறது. அப்போர் நிகழ்ந்த களம் பெருவளநல்லூர் என்பதும் பல்லவர் ஏடுகளால் தெரிகிறது. சாளுக்கியர் ஏட்டில் பெருவளநல்லூர் இல்லை. பல்லவர் ஏட்டில் காஞ்சி பறிபோனது இல்லை. முதலில் காஞ்சி வீழ்ந்தது, பின்னர்ப் பெருவளநல்லூரில் பல்லவன் வென்றான் என்று வரலாற்றாசிரியர் இரண்டையும் இணைத்து உரைக்கின்றனர். நம் பாடநூல்களில் பெருவளநல்லூர் மட்டும் படித்தவர் எத்தனை பேர்! நானும் அவ்வாறு படித்தவளே, அவ்வாறு நடத்தியவளே.

கயிலாசநாதர் கோயில் தூண்

நாம் ஆண்டுதோறும் சுற்றுலாவாகச் சென்று வியந்து பார்க்கும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைக் கைப்பற்றிய இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்தது. வாதாபியில் பல்லவன் எழுத்து எத்தகைய சான்றோ, காஞ்சியில் இதுவும் அத்தகைய சான்று. முன்னதை ஏற்றவர் பின்னதை மறுக்க இயலாது.

அக்கல்வெட்டின் உள்ளடக்கம் நெஞ்சைத் தொடுவது. காஞ்சியைக் கொண்டபின், இராசசிம்மேசுவரத்து இறைவனின் பெருஞ்செல்வத்தைக் கண்ட மன்னன், அதனை எடுத்துச் செல்லாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான் என்பதே செய்தி. இவ்வெழுத்தை அழிப்போர் இந்நகரத்துக் கடிகையாரைக் கொன்றோர் எய்தும் பழியை எய்துவர் என்று அது முடிகிறது. வென்றவன் தன் எழுத்துக்குக் காவலாக, தோற்ற நகரத்தின் சான்றோர் கழகத்தையே வைக்கிறான்! பின்னர் மீண்டும் காஞ்சியை ஆண்ட பல்லவரும், அவர்க்குப் பின்வந்த சோழரும் அத்தூணின் எழுத்தை அழிக்கவில்லை. பாதாமிப் பாறையின் பல்லவ எழுத்தும் முற்றாக அழிக்கப்படவில்லை. பகைவன் பெருமையைத் தன் ஊரில் நிற்கவிட்ட அந்தப் பெருந்தன்மையை, அல்லது அந்தப் பொருட்படுத்தாமையை, நாம் இழந்துவிட்டோமோ என்று ஐயுறுகிறேன்.

அவ்வரசனின் தேவி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலே இன்று விருபாட்சர் கோயில் எனப்படுவது. அதன் அமைப்பில் காஞ்சிக் கயிலாசநாதரின் சாயல் உண்டு என்பது கலை அறிஞர் கருத்து. காஞ்சியை வென்றவர்களைக் காஞ்சியின் கலை வென்றிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், வென்றவர் யார்?

அரசனை இழந்து வென்ற போர்

இது பல்லவரோடு முடிந்துவிடவில்லை. 1054-இல் நிகழ்ந்த கொப்பம் போரில் சோழப் பேரரசன் இராசாதிராசன் களத்திலேயே யானைமீது உயிர்நீத்தான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் அக்களத்திலேயே முடிசூடிப் பகைவரை முறியடித்தான் என்பது சோழர் மெய்க்கீர்த்தி கூறும் செய்தி. அண்ணிகேரியில் உள்ள 1071-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ, சமணக் கோயில்களை எரித்த சோழன் அதன் பயனாகச் சாளுக்கிய மன்னனிடம் தன் தலையை இழந்தான் என்கிறது. களம் யார் கைக்கு வந்தது என்பதைப் பேசவில்லை. சோழர்க்குக் களம்; சாளுக்கியர்க்குத் தலை. இரண்டும் மெய்யே.

இது நம் நாட்டிற்கே உரிய குறையுமன்று. கி.மு. 1274 அளவில் சிரியாவின் காதேசு நகரருகே எகிப்திய மன்னன் இரண்டாம் இராம்சேசும் ஹிட்டைட்டு மன்னன் முவத்தல்லியும் பொருதனர். அபுசிம்பல், லக்சர் முதலிய கோயில் சுவர்களிலெல்லாம் இராம்சேசு தனியொருவனாய்ப் பகைவரைச் சிதறடிக்கிறான். ஆனால் போருக்குப்பின் காதேசு ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியில் ஹிட்டைட்டுத் தலைநகரின் களிமண் ஏடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட பின்னரே மறுபக்கத்தை உலகம் கேட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பக்கம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புலவர் சார்பும் நம் சார்பும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். அரசவைப் புலவர் தம் அரசனைப் புகழ்வது இயல்புதானே, அதனைப் பெரிதுபடுத்துவது ஏன் என்பீர்கள். புலவரின் சார்பு எனக்கு வியப்பளிக்கவில்லை. அவர் அரசன் சோற்றை உண்டவர். எந்த அரசன் சோற்றையும் உண்ணாத நாம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், அவரினும் மிகுந்த சார்போடு இருப்பதே என் கவலை.

அவர்கள் அரசர் சார்பாக எழுதினார்கள். நாமோ அதனை இனச் சார்பாக, மொழிச் சார்பாக மாற்றிவிட்டோம். பல்லவர்–சாளுக்கியர் போரைத் தமிழர்–கன்னடர் போராக எண்ணும் பழக்கம் நம்மிடையே உள்ளது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. ஐஹொளெக் கல்வெட்டின் மொழி வடமொழி. கூரம், காசாக்குடிச் செப்பேடுகளின் புகழுரைப் பகுதியும் வடமொழியே. அதனினும் முதன்மையான செய்தி ஒன்று. காவிரியைக் கடந்த புலிகேசி, சோழர்க்கும் சேரர்க்கும் பாண்டியர்க்கும் வளம் சேர்த்தான் என்றும், பல்லவப் படையாகிய பனிக்கு அவன் கதிரவன் ஆனான் என்றும் இரவிகீர்த்தி பாடுகிறார். அக்கூற்றின்படி தமிழ் மூவேந்தர் அப்போரில் எப்பக்கம்? வாதாபி கொண்ட நரசிம்மனுக்காகக் கைதட்டிய என் வகுப்பு, இதனைக் கேட்டிருந்தால் யாருக்காகக் கைதட்டியிருக்கும்?

மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்டது 1956-இல். அந்த எல்லைக்கோட்டை ஏழாம் நூற்றாண்டின் மீது நாம் வரைந்துவிட்டோம். இதில் படைப்பிலக்கியத்திற்கும் பங்குண்டு. 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த கல்கியின் சிவகாமியின் சபதம் படித்துக் கண்ணீர் விடாத தமிழ்ப் பெண்டிர் என் தாயார் தலைமுறையில் அரியர். சிவகாமி கல்கியின் கற்பனைப் பாத்திரம். ஆயினும் அவள் கண்ணீர் வழியாகவே நாம் புலிகேசியை அறிந்தோம். அப்பால் கன்னடத்தில் 1967-இல் ராஜ்குமார் நடித்த இம்மடி புலிகேசி திரைப்படத்தில் அவனே தலைவன். கற்பனை செய்வது கலைஞனின் உரிமை. அதனை நான் குறைகூறேன். கதையைப் படித்துவிட்டு வரலாற்றைப் படித்துவிட்டதாக நிறைவடைவது நம் குறை.

சேக்கிழாரையும் இங்கே நினைக்கிறேன். வாதாபியைத் துகளாக்கி மணியும் யானையும் பரியும் கொணர்ந்த பரஞ்சோதியாரைப் பாடும் அவர், அவ்வெற்றியை விரைவாகக் கடந்துவிடுகிறார். பரஞ்சோதியார் சிவனடியார் என்றறிந்த மன்னன், அறியாது அவரைப் போர்முனைக்கு அனுப்பினேனே என்று அஞ்சிப் பொறுத்தருள வேண்டுகிறான். அங்கிருந்துதான் சிறுத்தொண்டர் கதை விரிகிறது. வாதாபியிலிருந்து விநாயகர் திருமேனி கொணரப்பட்டதாக இன்று நாம் சொல்லும் செய்தி பெரியபுராணத்தில் இல்லை. வெற்றியைப் பெருக்கியவர் சேக்கிழார் அல்லர், பின்வந்த நாமே.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. 1991-இலும் 2016-இலும் காவிரிச் சிக்கலின்போது பெங்களூரில் தமிழர் அஞ்சி நின்றதை நாம் அறிவோம். நம் ஊர்களிலும் கன்னடம் பேசுவோர் அஞ்சியதுண்டு. நாவலும் திரைப்படமும் அவ்வன்முறைக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. அண்டை வீட்டாரை என்றும் தோற்றவராகவே, அல்லது என்றும் பகைவராகவே பார்க்கப் பழகிய கண், நெருக்கடியில் அவரை மனிதராகப் பார்க்க மறுக்கிறது என்றே கூறுகிறேன்.

வெற்றி கேளாத கல்

மெய்க்கீர்த்தியும் செப்பேடும் பேசாத மூன்றாம் பக்கம் ஒன்றுண்டு. செங்கம் பகுதியில் மகேந்திரவர்மன் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரை கொள்ளவும் மீட்கவும் நிகழ்ந்த பூசல்களில் மாண்டோரின் கற்கள் அவை. அவற்றுள் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் கூறுகிறது. நாயின் பெயரையும் மறவாத அக்கல், அப்பூசலால் எந்த அரசன் புகழ்பெற்றான் என்று ஆராயவில்லை. ஊருக்காக யார் விழுந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. புள்ளலூரிலும் மணிமங்கலத்திலும் வாதாபியிலும் விழுந்த வீரர் எத்தனை பேர், எரிந்த வீடுகள் எத்தனை என்று எந்தச் செப்பேடும் சொல்லாது. அவர்களைக் கேட்டால் வென்றவர் யார் என்பார்கள்?

பெரியோர்களே! பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டில் ஒரு திங்கள் கூட்டத்தையேனும் மறுதரப்பின் எழுத்துக்கு ஒதுக்குங்கள். ஐஹொளெக் கல்வெட்டைத் தமிழில் பெயர்த்துப் படிப்போம். கன்னடம் அறிந்த அன்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு காஞ்சிக்குச் செல்வோம். அத்தூணின் முன் நின்று அவர் படிக்க நாம் கேட்போம். நம் புகழை நம் ஏட்டில் படிப்பதற்குக் கல்வி வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். நம் தோல்வியைப் பிறர் ஏட்டில் படித்து, அதனாலும் தாழ்வுறாமல் நிற்பதற்கே கல்வி வேண்டும்.

நிறைவாக, அந்தத் தாளவாடி மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இந்த அவையிலேனும் சொல்லிவிடுகிறேன். "இரண்டையும் எழுதப்பா. புலிகேசி காஞ்சியின் மதில்வரை வந்ததையும் எழுது. நரசிம்மவர்மன் வாதாபிக்குள் புகுந்ததையும் எழுது. வாதாபியில் நிற்கும் பல்லவர் கல்லையும், காஞ்சியில் நிற்கும் உன் பாட்டியின் மொழிக் கல்லையும் குறிப்பிடு. மதிப்பெண் குறைந்தால் என்னிடம் வா." இதனைச் சொல்லும் துணிவு அன்று எனக்கில்லை. இவ்வுரை நூலாகி அவர் கைக்கு என்றேனும் எட்டுமாயின், காலம் தாழ்ந்த இவ்விடையை அவர் ஏற்றுக்கொள்வாராக.